புதுக்கப்பட்ட பூங்காவும் புறக்கணிக்கப்பட்ட காலங்களும்
– சிசிக் மாளிகைத் தோட்டம் பற்றிய ஒரு நோக்கு –

பழைமையைப் பேணுதல் நடுநிலையான ஒரு தொழில்நுட்பப் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. சிதைந்ததைச் செப்பனிடுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமேது எனப் பலர் எண்ணுவர். ஆயின், பல தலைமுறையினரின் கைபட்டு மாறிய ஒரு தோட்டத்தை ‘முன்பிருந்த நிலைக்கு’ மீட்பதென்றால், எந்த ‘முன்பு’ என்ற வினா தவிர்க்கவியலாது எழுகின்றது. அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை வரலாறு பற்றிய ஒரு தீர்ப்பே எனலாம். மேற்கு இலண்டனிலுள்ள சிசிக் மாளிகையும் அதன் தோட்டமும் இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தாலியச் சிற்பாசிரியர் பல்லாடியோவின் கட்டடக் கலையில் ஈடுபாடு கொண்ட மூன்றாம் பேர்லிங்ரன் பிரபு, 1720களின் இறுதியில் இம்மாளிகையை எழுப்பினார். அதனைச் சூழ்ந்த தோட்டம், வில்லியம் கென்ற்றின் பங்களிப்பினால், நேர்கோட்டு ஒழுங்கிலிருந்து நெகிழ்ந்து இயற்கைச் சாயல் பெற்றது. ஆங்கில நிலக்காட்சித் தோட்ட மரபின் தோற்றுவாய்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுவது இதனாலேயே. பின்னர் டெவொன்சயர் கோமகன்களின் உடைமையாகிய இம்மாளிகைக்கு 1788இல் பெரும் பக்கக் கட்டடங்கள் இரண்டு சேர்க்கப்பட்டன. 1813இல் நீண்ட கண்ணாடிச் செடியகம் ஒன்று அமைந்தது. 1892 முதல் 1920களின் இறுதிவரை மாளிகை வசதி படைத்தோருக்கான மனநோயாளர் இல்லமாக இயங்கிற்று. 1929இல் மிடில்செக்ஸ் மாவட்ட மன்றம் அதனை வாங்கியபோது, பொதுமக்களின் நன்கொடையும் அதற்குத் துணைநின்றது. பிரபுவின் தோட்டம் மக்களின் பூங்காவாயிற்று.

1944 செப்டெம்பரில் ஜேர்மனியரின் வி-2 ஏவுகணையொன்று பக்கக் கட்டடங்களுள் ஒன்றைச் சேதப்படுத்தியது. 1956இல் அவை இரண்டுமே இடிக்கப்பட்டன. பேர்லிங்ரனின் படைப்பைத் தூய வடிவில் வெளிக்கொணர்தலே நோக்கமாயிருந்தது. ஆனால் பேர்லிங்ரனின் காலத்தில் மாளிகை தனித்து நின்றதில்லை. அதன் அருகே குடும்பத்தாரின் பழைய இல்லம் இருந்தது. இரண்டையும் இணைக்கும் கட்டடமும் எழுப்பப்பட்டது. பழைய இல்லம் இடிக்கப்பட்ட பின்னரே பக்கக் கட்டடங்கள் எழுந்தன. எனவே, தனித்து நிற்கும் இன்றைய தோற்றம் மீட்கப்பட்ட பழைமையன்று. இருபதாம் நூற்றாண்டின் படைப்பாகும். தூய்மையைத் தேடியவர்கள் வரலாற்றில் இல்லாத ஒன்றையே தோற்றுவித்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய தவறுகள் பற்றிய விழிப்புணர்வு பிற்காலத்தில் கோட்பாட்டு வடிவம் பெற்றது. ஊகம் தொடங்குமிடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டுமென 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வலியுறுத்தியது. வரலாற்றுத் தோட்டங்களுக்கென 1981இல் வரையப்பட்ட புளோரன்ஸ் சாசனம், தோட்டத்தை உயிருள்ள நினைவுச் சின்னமாகக் கொண்டது. அதன் வளர்ச்சியின் படிநிலைகள் யாவும் மதிக்கப்பட வேண்டும் என்றும், விதிவிலக்கான நிலைமைகளிலன்றி எந்தவொரு காலத்துக்கும் முதன்மை தரலாகாது என்றும் அது கூறிற்று. வளர்வதும் வாடுவதும் இயல்பாகவுள்ள மரஞ்செடிகளைக் கல்லைப்போல் ஒரே ஆண்டில் நிறுத்திவைத்தல் இயலாதன்றோ?

2010இல் நிறைவெய்திய சிசிக் தோட்டப் புனரமைப்பு இவ்வடிப்படையில் மதிப்பிடற்பாலது. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பவுண் செலவான அப்பணி, 1956ஆம் ஆண்டுப் பணியினும் முதிர்ச்சி மிக்கது என்பதில் ஐயமில்லை. புதர் மண்டி மறைந்திருந்த காட்சிவழிகள் திறக்கப்பட்டன. புதிய மரங்கள் பல நடப்பட்டன. ஆயினும், பேர்லிங்ரனின் காலமல்லாத கண்ணாடிச் செடியகமும் அதிலுள்ள பழைய கமேலியாச் செடிகளும் களையப்படாது பேணப்பட்டன. புதிதாக எழுந்த சிற்றுண்டிச்சாலை பழைய பாணியைப் போலி செய்யாது, தன் காலத்தை வெளிப்படையாகவே காட்டி நிற்கின்றது. இவை பாராட்டுக்குரியன.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் முறையன்று. இத்தகைய பணிகள் பற்றிய எழுத்துக்களில் பிரபுக்களின் நூற்றாண்டே ‘வரலாறு’ ஆகின்றது; 1929க்குப் பின்வந்த காலம் பெரும்பாலும் சீரழிவின் காலமாகவே சித்திரிக்கப்படுகின்றது. பராமரிப்பின்றிப் போனமை உண்மையே. ஆனால் அக்காலத்திலேயே இப்பூங்கா, சுற்றயலிலுள்ள சாதாரண மக்கள் உலாவவும் குழந்தைகள் ஓடித்திரியவும் உரிய இடமாயிற்று. ஒரு பிரபுவும் அவரது விருந்தினரும் கண்டு மகிழ வகுக்கப்பட்ட காட்சிவழிகளில் இன்று எவரும் கட்டணமின்றி நடக்கலாம். தோட்டத்தின் வரலாற்றில் இதனினும் பெரிய மாற்றம் வேறில்லை. அதனைப் படிநிலையாகக் கொள்ளாது இடைவெளியாகக் கொள்வது, சாசனத்தின் சொல்லைப் போற்றி அதன் பொருளை நழுவவிடுவதாகும்.

பழையன யாவற்றையும் அப்படியே காத்தல் வேண்டும் என்பதன்று இங்கு கூறப்படுவது. தேர்வு தவிர்க்க முடியாதது. ஆனால் தேர்ந்தெடுப்போர் தமது அளவுகோலை மறைத்தலாகாது. வரைந்தவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைபெற்றுள்ளன. மண்ணைக் கொத்தியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அம்மறைவை மீட்டல் எந்தப் புனரமைப்புக்கும் இயலாமற் போகலாம். ஆனால் மக்களின் காலத்தையும் வரலாற்றின் ஒரு காலமாக ஏற்றுக்கொள்ளல் இயலும். அதனைச் செய்யும்போதே மீட்கப்பட்ட பூங்கா உண்மையில் பொதுப் பூங்காவாகும்.