வேலிக்குள் வேட்டை, வேலியோடு விற்பனை

கிண்டியில் இன்று ஆளுநர் மாளிகையும் தேசியப் பூங்காவும் உள்ள காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் தனியார் சொத்து. வேட்டைக்கென்று வைத்திருந்த காடு. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து 1821இல் அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. வேட்டைக்காடு ஒன்று விலைக்கு வந்தபின் அதன் கதி என்ன ஆகும் என்பதை இருநூறு ஆண்டு நீளத்துக்குப் பார்க்க, நமக்குப் பக்கத்தில் இருக்கும் சாட்சி இது.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்காரர்களுக்கு இந்தக் கதை எதற்கு? இங்கே யாரும் வேட்டைக்காடு வைத்திருக்கவில்லை, வைத்திருக்கவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நெருக்கியது. எஞ்சியிருந்த உரிம முறையையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. பத்துக் காணி நிலம் உள்ளவர் சுற்றிலும் வேலி போட்டு மான் வளர்த்து, சுட வருகிறவரிடம் கட்டணம் வாங்கினால் நேரே சிறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஊசுட்டேரியைச் சுற்றியும் பாகூர் ஏரியின் ஆயக்கட்டிலும் பட்டா நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஏரியில் வந்து இறங்கும் பறவைக்கு ஏரி மட்டும் போதாது, இரை தேட வயலும் வேண்டும். வயலோ தனியாருடையது. தன் நிலத்தில் காட்டுயிர் பிழைத்திருப்பதால் பட்டாதாரருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு உலகம் இதுவரை தந்த பதில்களில் துணிச்சலானது வேலி போட்ட வேட்டைப் பண்ணை. முகம் சுளிப்பதற்கு முன் அதை எடைபோட்டுப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் 1991இல் வந்த ஒரு சட்டம் போதிய வேலி இருக்கிறது என்று சான்று பெற்றவருக்கு வேலிக்குள் உள்ள விலங்கின் மீது சொத்துரிமை கொடுத்தது. வேலி அறுந்து வெளியே ஓடினாலும் அந்த உரிமை போகாது. மாட்டுப் பண்ணைகளும் சோளக் கொல்லைகளும் மான் காடுகளாயின. அரிய விலங்கைப் பண்ணைக்காரர் காப்பது அங்கே சட்டத்துக்கும் முந்திய பழக்கம். பான்டெபாக் என்ற மான் 1837இல் ஏறக்குறைய ஒழிந்துபோன நிலையில், மிச்சமிருந்தவற்றைத் தங்கள் நிலத்தில் அடைத்துக் காப்பாற்றியவர்கள் விவசாயிகள்தான். அதற்கென்று தேசியப் பூங்கா வந்தது 1931இல்.

நம் வெளிமானின் கதை இன்னும் விசித்திரமானது. கிண்டியில் நாம் குழந்தைகளுக்குக் காட்டும் அதே மானை 1930களில் டெக்சஸ் மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது ஆயிரக்கணக்கில் பெருகியது. பாகிஸ்தானிலோ அது அழிந்துவிட்டது. 1970களில் லால் சுகன்ரா பூங்காவில் அதை மறுபடி குடியேற்ற, டெக்சஸிலிருந்துதான் மான் போனது. துப்பாக்கிக்காரன் கொடுத்த காசில் பெருகிய கூட்டம் பிறந்த மண்ணுக்கு விதையாகத் திரும்பியது. வேட்டையை வெறுப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக் கூடாது.

குறைகளும் அதே வேரிலிருந்து வருகின்றன. விலங்குக்கு விலை இருப்பதால்தான் அது காப்பாற்றப்படுகிறது என்றால், சந்தை கேட்கும் உருவத்துக்கு அதை மாற்றும் ஆசையும் கூடவே வரும். கொம்பின் அகலத்துக்கும் தோலின் நிறத்துக்கும் என்றே இனம் சேர்ப்பது தென்னாப்பிரிக்காவில் பெரிய வியாபாரமாயிற்று. 2016இல் ஹொரைசன் என்ற ஒரு கேப் எருமைக் காளையின் கால் பங்கு மட்டும் 4.4 கோடி ராண்டுக்கு விலைபோனது. பிறகு அரிய நிற விலங்குகளின் சந்தை சரிந்தது. கூண்டில் வளர்ந்த சிங்கத்தைச் சின்ன வேலிக்குள் விட்டுச் சுடவைக்கும் அளவுக்கு இது போய், 2021இல் அந்நாட்டு அரசே அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. டெக்சஸில், மானை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய் 2015இல் இனவிருத்திப் பட்டிகளில் தலைகாட்டியது. நெருக்கி அடைத்து, லாரியில் ஏற்றி ஊர் ஊராக விற்கும் மந்தையில் நோய் பரவுவது எந்த ஆட்டுக்காரருக்கும் தெரிந்த விஷயம்.

இவற்றைவிட ஆழமான பலவீனம் ஒன்று இருக்கிறது. அது விற்பனை நாளில் வெளிப்படும்.

ஜான் ஹியூம் என்ற தென்னாப்பிரிக்கப் பணக்காரர் உலகின் மிகப் பெரிய காண்டாமிருகப் பண்ணையை நடத்தினார். அது வேட்டைக்கான பண்ணை இல்லை. கொம்பை அறுத்து எடுத்தால் மறுபடி வளரும், அதைச் சட்டப்படி விற்றுப் பண்ணையை நடத்தலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் உடைமையின் தத்துவம் வேட்டைப் பண்ணைக்காரர்களுடையதுதான். சர்வதேச வணிகத் தடை நீங்கவில்லை, காவல் செலவு பணத்தை விழுங்கியது. 2023இல் 2,000 காண்டாமிருகங்களோடும் 7,800 ஹெக்டேர் நிலத்தோடும் பண்ணை ஏலத்துக்கு வந்தபோது ஒருவர்கூட விலை கேட்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற தொண்டு நிறுவனம் வாங்கி, பத்து ஆண்டுகளில் அவற்றைக் காடுகளில் விடுவதாகப் பொறுப்பேற்றது. அது முன்வராமல் இருந்திருந்தால்? ஒரு மனிதரின் வயதும் வங்கிக் கணக்கும் ஒரு மிருக இனத்தின் பெரும் பங்குக்குத் தலைவிதியாக இருந்தன. தகப்பனுக்கு வேட்டைப் பைத்தியம், மகனுக்கு இல்லை என்றால் அந்த நிலத்தின் காடு ஒரே தலைமுறையில் முடிந்துவிடலாம்.

அரசு வாங்கிக்கொண்டால் கவலை தீரும் என்பார்கள். கிண்டி அதற்கு மறுப்பு. 1910இல் காப்புக்காடாக ஆக்கியபோது 505 ஹெக்டேர். 1958இல் ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. பிறகு ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள், வேறு அரசுத் துறைகள் என்று தலைக்கொரு துண்டு. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். பத்திரம் எழுதி விற்றிருந்தால் விலையாவது தெரிந்திருக்கும். இது ஆணைக்கு மேல் ஆணையாகப் போனது, அதுவும் நல்ல காரியங்களுக்காகவே போனது. கல்லூரி வேண்டாம் என்று யார் சொல்வது? 1980களின் இறுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஐஐடிக்கும் நடுவே சுவரும் எழுந்தது. வெளிமானுக்கு வேண்டிய திறந்த புல்வெளி சுருங்கியது, புள்ளிமான் பெருகியது.

பரத்பூர் இன்னொரு பாடம். மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ தலைமையில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அதே இடம் தேசியப் பூங்கா ஆனதும் 1982இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் ஊர்க்காரர்கள் செத்தார்கள். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு, எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்ததையும் பறவைகளுக்கு அதனால் வந்த கேட்டையும் எடுத்துச் சொன்னது. ராஜா காலத்திலும் உள்ளூர் மாடுகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன என்பதைப் புதிய சொந்தக்காரர் கவனிக்கவில்லை.

ஆக, தனியார் கைக்கு ஆயுள் குறைவு, அரசின் கைக்கு உறுதி குறைவு. யார் கையில் நிலம் இருக்கிறது என்பதைவிட, கைமாறும்போது நிலத்தோடு எது சேர்ந்து போகிறது என்பதுதான் இந்த வழக்கத்தின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இது பாகூருக்குப் புதிய எண்ணம் இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு மூன்று ஊர்களை இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்குக் கொடுத்ததைப் பதிவுசெய்கிறது. அந்த ஊர்களின் வருவாய் கல்விக்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஏரிப்பட்டி என்ற நிலத்தின் விளைச்சல் ஏரியைப் பராமரிக்கவே போக வேண்டும். உழுதவர் மாறினாலும் நிலத்தின் கடமை மாறாது. வேடந்தாங்கலிலும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுக் கௌல் என்ற உறுதிப்பத்திரம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலி இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை; சுடாமல் இருப்பதில் லாபம் இருந்தது.

இன்றைய சட்டத்திலும் இதற்கு ஒரு வாசல் உண்டு. வனவிலங்குச் சட்டத்தின் 36-சி பிரிவின்படி, ஒரு தனிமனிதரோ ஊரோ தானாக முன்வந்தால் அவர்களது நிலத்தைச் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். உடைமை அவர்களிடமே இருக்கும். நிலப் பயன்பாட்டை மட்டும், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி மாற்ற முடியாது. கேரளத்தில் கடலுண்டி இப்படித்தான் 2007இல் காப்பகமானது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாயிற்று. தமிழகப் பக்கம் சில ஆண்டுகள் கழித்துத்தான். எல்லைக்கோடு தண்ணீருக்குள் ஓடுகிறது, நாரைக்கு அது தெரியாது. ஆனால் இரண்டு அறிவிப்புகளும் ஏரியோடு நின்றுவிடுகின்றன. கூடப்பாக்கம் பக்கத்து வயல்காரருக்கு அவற்றால் கிடைப்பது ஒன்றும் இல்லை. மனை போட்டு விற்றால் கிடைப்பது கண்முன் தெரிகிறது.

36-சி பிரிவில் இரண்டு ஓட்டைகள் உண்டு. நிலம் தருகிறவருக்கு அது பணச் சலுகை எதையும் சொல்லவில்லை. அமெரிக்காவில் நிலத்தைக் கட்டடம் கட்டாமல் விட ஒப்பந்தம் எழுதுகிறவருக்கு வருமான வரிக் கழிவு உண்டு. நிலத்தின் மதிப்பை ஊதிக் காட்டி வரி ஏய்த்த கும்பல்களும் அதனால் கிளம்பின, அதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். ஏரியை ஒட்டி ஆண்டுதோறும் நெல் விளைவிக்கிறவருக்குக் காணிக்கு இவ்வளவு என்று புதுச்சேரி அரசு நேரே கொடுத்தாலே பேச்சைத் தொடங்கலாம்.

இரண்டாவது ஓட்டை சிறியது போலத் தோன்றும். நிலம் வாங்க வருகிறவர் வனத்துறைக் கோப்பைப் பார்ப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். அடமானமும் பாகப் பிரிவினையும் அதில் வரும். சமூகக் காப்பகம் என்ற கட்டுப்பாடும் அதே சான்றில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் வாங்கியவர் தெரியாது என்று வழக்குப் போடுவார். அந்த வழக்கு முடிவதற்குள் மனைக்கல் நட்டு, தார்ச்சாலை போட்டு, வீடே கட்டி முடித்திருப்பார்கள்.