ஒரிஜென் சொன்னாரா?

கீழ்வேளூர் டீக்கடையில் நாகப்பட்டினம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற சீசன். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். பால்ய சிநேகிதர்கள் போலிருக்கிறது, வாடா போடாதான். ஒருவர் நெற்றியில் விபூதி, இன்னொருவர் கழுத்தில் ஜெபமாலை. ஆளுக்கொரு குட்டிப் பிரசாரப் புத்தகம் கையில்.

"ஒரிஜென்னு உங்க ஆதிகால சாமியாரே மறுபிறவி உண்டுன்னு எழுதியிருக்காரு. நீங்கதான்டா மறைச்சுட்டீங்க!" இது விபூதி.

"அதே ஒரிஜென்தான் தோமையார் இந்தியாவுக்கு வந்தார்னும் எழுதியிருக்காரு. ஒத்துக்கிறியா?" இது ஜெபமாலை.

ஒரே ஆள், இரண்டு கட்சிக்கும் சாட்சி! நான் பி.காம். படித்தவன் சார். வவுச்சர் இல்லாத என்ட்ரியைப் பார்த்தால் கை அரிக்கும். ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

ஒரிஜென் 3-ஆம் நூற்றாண்டுக்காரர், பிறந்தது எகிப்தின் அலெக்சாண்டிரியாவில். உடம்புக்கு முன்பே உயிர் இருந்தது என்று நினைத்தவர்தான். அதற்காக 6-ஆம் நூற்றாண்டில் திருச்சபை அவரைக் கண்டித்ததும் நிஜம். ஆனால் ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குப் போவது? மத்தேயு நற்செய்திக்கு எழுதிய உரையில், எலியாவின் உயிர்தான் யோவானாக மறுபடி பிறந்ததா என்ற கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு, கிடையாது என்று மறுக்கிறார். அந்த உரை அவர் எழுதிய கிரேக்கத்திலேயே இருக்கிறது.

அவருடைய 'முதற்கோட்பாடுகள்' நூல்தான் வம்பு. கிரேக்க மூலம் பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சியது ரூஃபினஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. அங்கங்கே கை வைத்ததை அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். மூலம் இல்லாத இடத்தில் யாரும் எதையும் சொருகலாம் அல்லவா?

சரி, தோமையார்? ஒரிஜென் சொன்னதாக யூசேபியஸ் எழுதிவைத்திருப்பது பார்த்தியா. அதாவது ஈரான் பக்கம். தோமையாரை இந்தியாவோடு சேர்த்துச் சொல்ல 'தோமாவின் பணிகள்' என்ற பழைய சிரியாக் நூல் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டு எப்ரேம் இருக்கிறார். அவை போதுமா என்பது வேறு சண்டை. சொந்தக் கணக்கில் இருப்பு இருக்கும்போது, ஒரிஜென் கணக்கில் எதற்கு செக் கிழிக்க வேண்டும்?

இந்த ரகப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் 'கூறுகிறார்' இருக்கும். எந்த நூல், எந்த அத்தியாயம் என்பது மட்டும் இருக்காது. அடுத்த முறை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினால் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நான் அன்றைக்குக் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஜெபமாலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். விபூதி, இரண்டு டீக்கும் காசு எண்ணிக்கொண்டிருந்தார்.