லினக்ஸ் போட்டாச்சு, அப்புறம்?

"லினக்ஸ் போட்டுட்டேன் சார், இனிமே என் கம்ப்யூட்டரை எவனும் எட்டிப் பார்க்க முடியாது." சமீப காலமாக இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 கேட்கிறது, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய ப்ராசஸர் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான்.

ஆனால் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. லினக்ஸ் போட்ட நாளில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு. தனியுரிமை அதற்குப் பின்னால் வரும் வருடங்களில்தான் காப்பாற்றப்படுகிறது, அல்லது கைவிட்டுப் போகிறது. அதைத் தீர்மானிப்பது அப்கிரேட். நம்ம ஊரில் லினக்ஸைப் பற்றிப் பேசுகிற எல்லோரும், அரசாங்கம் உட்பட, இந்த ஒரு விஷயத்தைத்தான் தொடர்ந்து கோட்டை விடுகிறோம் என்பது என் விமர்சனம்.

யாருடைய தனியுரிமை என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான் இருப்பது உறையூர். இங்கே ஒரு குடும்பத்தின் முக்கியமான காகிதங்கள் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருக்கின்றன. ஆதார் பிரிண்ட், வருமானச் சான்று, பட்டா, பேங்க் பாஸ்புக், பிள்ளையின் மார்க்‌ஷீட் என்று எல்லாம் வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்குப் போகிறது. அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார், கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. சில கடைகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அந்தத் தெருவே உள்ளே இருக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் உண்டே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தக் கடவுச்சொல். பக்கத்திலேயே மார்க்‌ஷீட் கிடக்கும்போது அது பெரிய பூட்டு இல்லை.

வெக்காளியம்மன் கோயிலில் வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். அந்தச் சீட்டு யாருக்குப் போகிறது என்று கட்டுகிறவருக்குத் தெரியும். கடையில் விட்டுவிட்டு வருகிற பிடிஎஃப் யாருக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

இதை அரசாங்கமே ஒருமுறை சொன்னது. 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இன்டர்நெட் சென்டர் போன்ற பொதுக் கணினிகளில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றார்கள். எச்சரிக்கை போய்விட்டது, கடைக் கணினிகள் அப்படியே இருக்கின்றன.

இப்படி ஒரு கடையில் லினக்ஸ் போட்டால் என்ன ஆகும்? இதற்கு உபுண்டுவின் வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. உபுண்டுவில் முன்பு "கெஸ்ட் செஷன்" என்று ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் அதில் நுழைந்தால் அவருக்கென்று ஒரு தற்காலிக ஃபோல்டர் உருவாகும், வெளியேறியதும் எல்லாம் அழிந்துவிடும். ஜெராக்ஸ் கடைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 16.10, 17.04 பதிப்புகளில் ஒரு ஓட்டை வந்துவிட்டது. கெஸ்ட்டை வேலி போட்டு நிறுத்த வேண்டிய ஆப்பார்மர் சரியாக இயங்கவில்லை. கெஸ்ட்டாக நுழைந்தவர் கடைக்காரரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம் என்ற நிலை. சிவிஇ-2017-8900 என்ற எண்ணில் அது பதிவானது. உபுண்டு 2017இல் ஒரு அப்டேட் வழியாக அந்தப் பதிப்புகளில் கெஸ்ட் செஷனையே முடக்கியது. அடுத்த 17.10இல் நுழைவுத் திரை ஜிடிஎம்முக்கு மாறியபோது அந்த வசதியே இல்லாமல் போனது.

பயனர் கண்ணில் இது எப்படித் தெரியும்? "அப்டேட் பண்ணேன், இருந்த வசதியும் போச்சு." அதனால்தான் பலர் அப்டேட்டைக் கண்டாலே ஓடுகிறார்கள். ஆனால் அந்த அப்டேட்டைப் போடாமல் விட்டவர் நிலைமை என்ன? அவர் திரையில் கெஸ்ட் என்ற பெயரில் ஒரு கதவு இருந்தது, பூட்டு தொங்கியது, தாழ்ப்பாள் மட்டும் இல்லை. பழைய 16.04இல் இந்த ஓட்டை இல்லைதான். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. ஆக, வசதிக்காகப் பழசிலேயே நின்றவருக்கும் நிழல் இல்லை.

அப்கிரேட் எப்போதும் நன்மையே கொண்டுவரும் என்று சொல்ல வரவில்லை. அதே உபுண்டுதான் 2012 அக்டோபரில் வந்த 12.10இல், நம் கணினிக்குள் எதையாவது தேடினால் அந்தத் தேடல் சொல்லைத் தன் சர்வருக்கு அனுப்பி அமேசான் பொருட்களையும் காட்ட ஆரம்பித்தது. உங்க ஃபோல்டரில் ஒரு மருத்துவ அறிக்கையைத் தேடினாலும் அந்தச் சொல் வெளியே போகும். அந்த வருடமே ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அமைப்பில் போய் அணைக்கும் வழி இருந்தது. ஆனால் தானாகவே அணைந்த நிலையில் வர 2016இன் 16.04 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்டிஎஸ் மட்டுமே பயன்படுத்துகிறவர் 12.04இலிருந்து 14.04க்கு அப்கிரேட் செய்தபோது, கேட்காமலேயே இதுவும் கூட வந்தது.

டெபியனில் இதற்கு நேர்மாறான வழக்கம். எந்தெந்தப் பொதிகளை மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் "பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்" அதிலும் உண்டு. நிறுவும்போது கேட்கும், முன்கூட்டித் தேர்வாகியிருக்கும் பதில் "வேண்டாம்" என்பதே. ஒரு டிஸ்ட்ரோவின் குணத்தைப் பார்க்க அதன் அறிக்கைகளைவிட இந்த மாதிரி சின்னக் கேள்விகளின் முன்தேர்வைப் பார்ப்பது நல்லது.

"அப்போ எப்பவும் புதுசையே வச்சுக்கலாமா?" என்றால், அதுவும் இல்லை. 2024 மார்ச் மாதக் கடைசியில் எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வைத்தவர் ஒரு புனைபெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்திருந்தார். எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைத் தோண்டி எடுத்தார். டெபியனின் சோதனைக் கிளையில் அது நுழைந்துவிட்டது, நிலையான பதிப்பில் நுழையவில்லை. எனவே நான் அப்கிரேட் என்று சொல்வது புதுசின் பின்னால் ஓடுவதை அல்ல. ஆதரவில் இருக்கும் நிலையான பதிப்பில் இருப்பது, அதன் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போடுவது, ஆதரவு முடிவதற்குள் அடுத்த நிலையான பதிப்புக்கு ஏறுவது. அவ்வளவுதான்.

எங்கிருந்து வாங்குகிறோம் என்பதும் இதில் சேர்த்தி. 2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மிண்ட்டின் தளத்தை உடைத்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பைப் பின்வாசல் வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தனியுரிமைக்காக அன்று மிண்ட் இறக்கிய சிலர், தாங்களே திருடனை வீட்டுக்கு அழைத்தார்கள். ஐஎஸ்ஓ கோப்பின் ஜிபிஜி கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஐந்து நிமிட வேலையை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? கையொப்பத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஏபிடி இறக்கும் பொதி வழியில் மாற்றப்படவில்லை என்று அது உறுதி சொல்லும். நீங்க என்ன இறக்கினீங்க என்பதை அது மறைக்காது. சாதாரண ஹெச்டிடிபி வழியாகப் போனால் இடையில் இருக்கிறவருக்கு அது தெரியும். அது உறுத்துகிறவர்களுக்காக டெபியன் 2016 முதலே டோர் வழி ஆனியன் முகவரிகளும் வைத்திருக்கிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதுசில்லை. 2006-07 காலத்திலேயே எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றினார். 2007இல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்த சமயத்தில், அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று மாநில அரசே சொன்னது. இத்தனை வாய்ப்பு வேறு எத்தனை மாநிலங்களுக்குக் கிடைத்திருக்கும்?

பாஸை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் எழுத்துரு, தமிழ் விசைப்பலகை எல்லாம் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்த காலத்தில், அது எடுத்த எடுப்பில் தமிழோடு வந்தது. ஆனால் இன்று அந்த எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் டெபியனிலேயே கிடைக்கின்றன. அப்படியிருக்க, பாஸ் தனக்கென்று தனிக் களஞ்சியம் வைத்து டெபியனுக்குப் பின்னால் நடந்து வருகிறது. ஒரு ஓட்டைக்கு டெபியன் போடும் ஒட்டு நேராக நமக்கு வராமல் இன்னொரு கை மாறி வர வேண்டும். அந்தக் கை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறதோ அவ்வளவுதான் நம் பாதுகாப்பு. உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமை இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இதைவிடப் பெரிய குறை திட்டங்களின் போக்கில் இருக்கிறது. எத்தனை லட்சம் மடிக்கணினி கொடுத்தோம் என்பது கணக்கு. கொடுத்ததில் எத்தனை இன்று ஆதரவில் உள்ள பதிப்பில் ஓடுகின்றன என்பது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. மெஷின் மாணவர் கைக்குப் போனதும் அப்கிரேட் அவர் பாடு. நான் திறந்து பார்த்த பழைய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் இருந்த இடம் சினிமா வைக்கும் இடமாகியிருந்தது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பதிப்புக்கு ஏறுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்க. அங்கே பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வேரூன்றிப் பல வருடம் ஆகிறது. கைட் நிறுவனம் உபுண்டுவைத் தன் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி வெளியிடுகிறது. 18.04ஐ வைத்து ஒரு பதிப்பு, பிறகு 22.04ஐ வைத்து ஒரு பதிப்பு என்று எல்டிஎஸ் நகரும்போது தானும் நகர்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். அங்கே லினக்ஸ் தங்கியதற்குக் கொள்கைப் பற்று மட்டும் காரணம் அல்ல. அடுத்த பதிப்பை ஏற்றித் தர ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடை வைத்திருப்பவருக்கும் வீட்டில் பயன்படுத்துபவருக்கும் என் யோசனை இது. எந்த டிஸ்ட்ரோ என்று சண்டை போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்க. இதன் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது? டிஸ்கை அழிக்காமல் அடுத்த பதிப்புக்கு ஏற எழுதி வைத்த வழி இருக்கிறதா? நான் எதையும் தொடாமல் விட்டால் என்னென்ன வெளியே போகிறது?

டெபியன் இந்த மூன்றிலும் தேறும். 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13 ஆனது 2025 ஆகஸ்டில் வந்தது, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் ஐந்து வருடம். ஏறும் வழியும் எளிது. முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுக்கணும். வெளிக் களஞ்சியங்களை நிறுத்தணும். களஞ்சியப் பட்டியலில் பழைய பதிப்பின் பெயரை மாற்றிப் புதியதைப் போட்டு, முதலில் குறைந்த அளவு அப்கிரேட், பிறகு முழு அப்கிரேட். 11இலிருந்து 13க்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது, படிப்படியாகத்தான் ஏறணும். ரொம்பப் பழைய 32 பிட் மெஷின் என்றால் கவனம். 13ஆம் பதிப்பில் அவற்றுக்கு நிறுவியே கிடையாது. கெஸ்ட் செஷன்தான் வேண்டும் என்கிற கடைக்காரருக்கு மிண்ட் இருக்கிறது, அதன் லாகின் அமைப்பில் அதை இயக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்த பிறகும் குரோமில் கூகுள் கணக்கோடு உலாவினால், கூகுளுக்கு நீங்க விண்டோஸில் இருந்தாலும் ஒன்றுதான், லினக்ஸில் இருந்தாலும் ஒன்றுதான்.

லினக்ஸ் போட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். உங்க பதிப்பின் ஆதரவு முடியும் தேதியைக் கண்டுபிடிச்சு, சுவரில் தொங்கும் காலண்டரில் அதற்கு ஒரு மாதம் முன்னாடியே பேனாவால் வட்டம் போட்டு வைங்க. கேஸ் புக் பண்ற தேதியும் ஈ.பி. பில் கட்டற தேதியும் அங்கேதானே இருக்கு, பக்கத்தில் இதுவும் இருக்கட்டும்.