நான்காம் ஆளும் மொழிபெயர்ப்பாளரின் சார்பும்

புதிய ஆங்கிலத் திருப்புதல்கள் கிறிஸ்துவின் தேவத்துவத்தைக் களவாடிவிட்டன என்ற முறையீட்டை நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறோம். அபிராமபுரத்தில் நடந்த ஒரு வேத ஆராய்ச்சிக் கூட்டத்திலும் பெரியவர் ஒருவர் தானியேல் 3:25-ஐக் காட்டி மனம் நொந்து பேசினார். அக்கினிச் சூளையில் காணப்பட்ட நான்காம் ஆளை 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் திருப்புதல் ‘தேவகுமாரன்’ என்றது. 1885-இன் திருத்திய திருப்புதலோ ‘தேவர்களின் குமாரன் ஒருவன்’ என்று பொருள்பட மாற்றியது. நமது 1871-இன் ஐக்கியத் திருப்புதலில் உள்ள சொல் ‘தேவபுத்திரன்’.

தானியேல் 2:4 முதல் 7-ஆம் அதிகார முடிவுவரை மூலமொழி அரமேயம். நமது வேதாகமம் அதைச் ‘சீரிய பாஷை’ என்கிறது. இவ்விடத்தில் மூலத்தில் உள்ளது ‘பார் எலாகின்’. ‘எலாகின்’ பன்மைச் சொல். 4:8-இல் நேபுகாத்நேச்சார் இதே சொல்லை வழங்கும்போது ஜேம்ஸ் அரசர் திருப்புதலும் நமது திருப்புதலும் தயங்காமல் ‘தேவர்கள்’ என்றே பெயர்த்துள்ளன. அரசனும் ஒருவன், சொல்லும் ஒன்று. சூளையின் வாசலில் மட்டும் ஒருமை. இதைச் செய்தது இலக்கணம் அன்று, பக்தி.

இதை வஞ்சகம் என்று சொல்ல நாம் துணியோம். தியோதோத்தியனின் கிரேக்கமும் எரோணிமுவின் இலத்தீனும் முன்னமே ஒருமையில் பெயர்த்திருந்தன. ஆனால் பொற்சிலை நிறுத்திய புறஜாதி அரசன் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை அறிக்கையிட்டான் என்று கொள்வது கதைப்போக்குக்குப் பொருந்தாது. மூன்று வசனங்களுக்குப்பின் அவனே அந்த ஆளைத் தூதன் என்கிறான்.

புதியவர்கள் சார்பற்றவர்கள் என்பதும் சரியன்று. 7:13-இல் வரும் ‘பார் எனாஷ்’ என்பதை 1989-இன் புதிய திருத்திய தரத் திருப்புதல் ‘மனிதரைப் போன்ற ஒருவர்’ என்னும் பொருளில் பெயர்த்தது. அரமேய வழக்குப்படி பொருள் சரியே. ஆயினும் மாற்கு 14:62-இல் பிரதான ஆசாரியன்முன் இயேசு எடுத்தாண்ட ‘மனுஷகுமாரன்’ அங்கே வாசகன் காதில் விழாது. ஆண்பாற் சொற்களைத் தவிர்க்கும் அக்காலக் கொள்கையும் ஒரு சார்புதான். தமிழுக்கோ வேறோர் இக்கட்டு: ‘ஒருவன்’ என்பதா, ‘ஒருவர்’ என்பதா? நமது திருப்புதல் 7:13-இல் ‘ஒருவர்’ என்றது. அந்த விகுதியே ஒரு வியாக்கியானம். (3:25-இல் ‘சாயல்’ என்பதை எழுவாயாக்கி அஃறிணை முடிபுக்குள் தப்பித்துக்கொண்டனர்!)

1989-இன் திருப்புதல் 7:13-இன் சொல்லுக்குச்சொல் வடிவத்தை அடிக்குறிப்பில் தந்தது. 1804-இல் தோன்றிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கமோ குறிப்பும் விளக்கமுமின்றி வேதத்தை அச்சிடுவதையே விதியாகக் கொண்டது. பெரியவர் கையிலிருந்த தமிழ்ப் பதிப்பிலும் குறிப்பு ஏதும் இல்லை. ‘மூலத்தில் பன்மை’ என்ற இரண்டு சொற்கள் பக்கத்தின் அடியில் இருந்திருந்தால், அவர் களவாடியவர்களைத் தேடியிருக்கமாட்டார்.