பனியும் சரிவும்: ஒரு சொல்லாராய்ச்சி

கண்டறியாத பொருளுக்குப் பெயர் இல்லாமை ஒரு மொழிக்கு இழுக்கன்று. ஆனால் கண்ட பொருளுக்கும் காணாத பொருளுக்கும் ஒரே பெயரை இட்டு, அப்பெயரைக் கொண்டே உயிர் போன செய்திகளையும் எழுதுவோமானால், அங்கே திறனாய்வுக்கு வேலை பிறக்கிறது. செய்தித்தாள்களிலும் பாட நூல்களிலும் இன்று வழங்கும் 'பனிச்சரிவு' என்பது அத்தகைய சொல். அதன் இரு பகுதிகளையும் தனித்தனியே நோக்குவோம்.

முதற்கண் பனி. பெரும்பொழுது ஆறனுள் இரண்டு பனியின் பெயரால் அமைந்தவை. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் உரிமையாக்கினார். அப்பனி விடியலில் புல் நுனியில் நின்று, கதிர் பட்டதும் மறைவது. உதகையில் குளிர்காலத்துப் புல்வெளி வெளுக்கும்போது செய்தித்தாள்கள் 'உறைபனி' என்று எழுதுகின்றன. அது நல்ல ஆக்கம். ஆனால் இமயத்திலும் ஆல்ப்ஸ் மலையிலும் வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து ஆளுயரம் குவிவதையும் பனி என்கிறோம்; அதுவே இறுகிக் கல்லாய்க் கிடப்பதையும் பனி என்கிறோம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ பயிலும் மாணவன் தொட்டறிந்தது குளிர்பதனப் பெட்டியின் கட்டி ஒன்றே. அவன் மனத்தில் மூன்றும் ஒன்றாகப் பதிந்தால் குறை அவனுடையதன்று.

இவ்வேறுபாட்டை நாடுவது புலவர்களின் பொழுதுபோக்கு எனக் கருதிவிட வேண்டா. பனிச்சறுக்கில் ஈடுபடுவோர், காவலுள்ள தடங்களை விட்டுத் திறந்த மலைக்குப் போகுமுன், காலடியில் கிடப்பதைப் படிக்கக் கற்கின்றனர். 'படிக்க' என்பது பொருத்தமான சொல்லே. ஒவ்வொரு பொழிவும் ஓர் ஏடாக, அடுக்கின்மேல் அடுக்காக அது கிடக்கின்றது. குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பர். நீளமும் அகலமும் 30 செண்டிமீட்டர் உள்ள தூண் ஒன்றைத் தனியே செதுக்கி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையை அசைத்துப் பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டி, எந்தத் தட்டில் எந்த அடுக்கு வழுக்கி விலகுகிறது என நோக்குவர்.

அவர்கள் அஞ்சும் அடுக்குகளுள் ஒன்று நமக்கு உறவானது. தெளிந்த குளிரிரவில் வெண்பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் பூக்கின்றன. காற்றின் ஈரம் படிந்து உண்டாகும் அவை, பிறப்பு முறையில் நம் மார்கழிப் பனித்துளிக்கு உடன்பிறப்பு. பின்னர்ப் பெரும்பொழிவு ஒன்று அவற்றை மூடினால், உள்ளே புதைந்த அம்மெல்லிய அடுக்கே மலையின் வலுவற்ற இடமாகிறது. மேலுள்ள பாளம் அதன்மீது வழுக்கி இறங்குகிறது. ஆக, ஒரு பனியின்மேல் மற்றொரு பனி வழுக்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயரென்றால் இவ்வுண்மையைத் தமிழில் சொல்வது எங்ஙனம்?

அடுத்துச் சரிவு. தொழிற்பெயராக நிற்கையில் இச்சொல் நிகழ்ச்சியைக் குறிக்கிறது. தொழிலாகுபெயராக நிற்கையில் சாய்ந்து கிடக்கும் இடத்தைக் குறிக்கிறது. 'அவர்கள் பனிச்சரிவில் இறங்கினர்' என்னும் தொடரைப் பாருங்கள். விளையாடினார்களா, விபத்தில் சிக்கினார்களா? பெரும்பாலான பனி வீழ்ச்சிகள் 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த பக்கங்களிலேயே நிகழ்கின்றன. எனவே சாய்வு எச்சரிக்கை; வீழ்ச்சி இழப்பு. எச்சரிக்கைக்கும் இழப்புக்கும் ஒரே சொல் இருக்கலாமா? நாம் நாள்தோறும் கேட்கும் மலாய் மொழி இதில் தெளிவாக உள்ளது. சாய்ந்த இடம் அவர்களுக்குச் 'செருன்'. மண் இடிந்து விழுவது 'தானா ருந்து'. ஒன்றை மற்றொன்றாக எவரும் மயங்கார்.

பனியே காணாத கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பனி நமக்கு இல்லை, சரிவு உண்டு. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் மூன்று கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். 2008 டிசம்பர் 6ஆம் நாள் புக்கிட் அந்தாராபங்சாவில் மண் சரிந்தது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலி அருகே முகாமிட்டுத் துயின்றோர்மீது மலைப்பக்கம் வீழ்ந்து 31 உயிர்கள் போயின. மண்ணின் இயல்பு வேறு, வெண்பனியின் இயல்பு வேறு. எனினும் சாய்வு, மேலேறும் பாரம், உள்ளே வலுவற்ற இடம், அதனைத் தளர்த்தும் நீர் ஆகியன இரண்டிற்கும் பொதுவான வினாக்கள்.

இத்தகைய செய்திகளில் நம் எழுத்தாளர் பலர் கையாளும் தொடர் 'இயற்கைச் சீற்றம்' என்பது. கேட்க இனிய உருவகம். ஆயின் உண்மைக்குத் திரை. ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது மலையின் சினத்தையன்று. போதாத வடிகாலையும் வலுவற்ற தாங்குசுவர்களையுமே. கட்டியோர், கட்டட வரைவாளர், பொறியாளர், அண்டை நிலத்தார், நகராண்மைக் கழகம் எனப் பலர்மீது அது பொறுப்பைச் சுமத்தியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பினின்று விடுவித்தது. அத்தீர்ப்பு சரியா என்பது சட்டம் கற்றோர் வாதிட வேண்டியது. ஆனால் வாதிடுவதற்கு அங்கே மனிதர்கள் இருந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. பனிமலையிலும் அஃதே. பொழுதுபோக்காகச் செல்வோர் சிக்கும் விபத்துகளுள் பெரும்பாலானவற்றில் பாளத்தைத் தூண்டியவர் சிக்கியவரோ, அவருடைய கூட்டத்தாரோ ஆவர்.

எங்கும் மனிதனே குற்றவாளி என்பதும் பிழை. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் வீரர் பதின்மர் புதையுண்டனர். தமிழ்நாட்டினரும் அவருள் இருந்தனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் 11ஆம் நாள் மறைந்தார். அவர்கள் விளையாடப் போகவில்லை, கடமையில் நின்றனர். மீட்போர் அறுத்துச் சென்றதும் வெண்பனியை மட்டுமன்று, கல்லாய் இறுகிய பனிக்கட்டியை. சியாச்சினுக்கும் உலு கிள்ளானுக்கும் சறுக்குவோன் தூண்டிய பாளத்திற்கும் 'சீற்றம்' என்னும் ஒரு சொல்லையே வழங்குவோமானால், கடமையில் மாண்டவனையும் கவனமின்மையால் மாண்டவனையும் பிறர் பிழையால் மாண்டவனையும் ஒரு தட்டில் வைத்தவராவோம்.

சொல்லின் வலிமைக்குப் பனிமலையே சான்று தருகிறது. ஐரோப்பிய நாடுகள் 1993இல் பனி வீழ்ச்சியின் ஆபத்தை ஐந்து படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தன. உயிரிழப்பின் பெரும்பங்கு நேர்வது ஐந்தாம் படியில் அன்று, மூன்றாம் படியில். ஐந்து என்று கேட்டவன் வீட்டில் இருந்துவிடுகிறான்; மூன்று என்று கேட்டவன் அதனை நடுத்தரமென எண்ணிப் புறப்படுகிறான். நம் செய்திகளிலோ 'ஆபத்தான பகுதி' என்ற ஒரே படிதான் உண்டு.

ஆகவே ஆசிரியர்கள் முன் சில வைக்கிறேன். விழுந்து குவிவது வெண்பனி, இறுகியது பனிக்கட்டி, படிந்து உறைவது உறைபனி. சாய்ந்த இடத்தைச் சாய்வு என்போம். நிகழ்ச்சியைப் பனிவீழ்ச்சி என்றும் மண்வீழ்ச்சி என்றும் எழுதுவோம். 'சீற்றம்' என்று எழுதுமுன் வடிகாலைப் பற்றி ஒரு வரி எழுதுவோம். இவற்றினும் சிறந்த சொற்கள் பிறரிடம் இருக்கலாம். இருப்பின் அவையே நிலைபெறட்டும்.

சொல்லை மாற்றினால் மலை நிற்குமா எனின், நில்லாது. ஆனால் மலையடியில் குடியிருப்பவன் கேட்கும் கேள்வி மாறும். சீற்றத்தை எவரிடமும் சென்று முறையிட முடியாது; அடைபட்ட வடிகாலைப் பற்றி முறையிட ஓர் அலுவலகம் உண்டு. அங்குச் சென்று கேட்கும் சொல்லை அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்தனுப்புவது தமிழாசிரியரின் கடன்.