மத்தியகால மெய்யியலும் மலைநாட்டின் கேள்வியும்

மத்தியகாலம் என்றதும் இருளென ஒதுக்கிவிடுவது முற்போக்காளரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. வத்தேகமப் பகுதி ஆசிரியருக்கும் மாணவருக்கும் இவ்வலட்சியம் சற்றும் பொருந்தாது. அந்த மத்தியகாலம் நமது அயலிலேயே குடியிருந்தது. கண்டியை அடுத்த அம்பிட்டியவில், பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்தியாவுக்கெனக் குருமடமொன்றை 1893இல் நிறுவினார். பெல்ஜிய யேசு சபையினரின் பொறுப்பிலிருந்த அது 1955இற் பூனாவுக்குப் பெயர்ந்தது. தோமஸ் அக்குவைனாஸின் ‘ஸ்கொலாஸ்திக்’ மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்வியின் அடித்தளமாக்குமாறு 1879இற் சுற்றுமடல் விடுத்தவரும் அதே பாப்பரசரே. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவை அதனைக் குருமடங்களிற் கட்டாயமாக்கிற்று.

கட்டாயமாவதற்கு முன் அது எவ்வாறிருந்தது என்பதே நாம் நோக்கவேண்டியது. இப்னு ருஷ்து முதலிய அறிஞர் அரபு மொழியிற் பேணி விளக்கிய அரிஸ்டோட்டிலைக் கற்று, நம்பிக்கையை அளவையியலின் உலைக்களத்தில் இட்ட துணிவு அது. அக்குவைனாஸின் பெருநூலில் எவ்விடயமும் எதிர்வாதியின் கூற்றுடனேயே தொடங்குகிறது. கடவுள் உளரா என்ற வினாவிற்கூட, உலகில் தீமை உண்டே, இயற்கையைக் கொண்டே யாவற்றையும் விளக்கலாமே என்னும் மறுப்புகள்தாம் முதலில் நிற்கின்றன. 1277இற் பாரிஸ் ஆயர் 219 கூற்றுக்களைக் கண்டித்தபோது, அவற்றுட் சில மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த அக்குவைனாஸின் கருத்துக்களையும் தொட்டன. 1323இல் அவரே புனிதராக்கப்பட்டார்.

அதே 13ஆம் நூற்றாண்டிலே, மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என வகுத்தார். பரபக்கத்தில் முதலில் எழுந்து பேசுபவன் உலோகாயதன். காட்சியையே அளவையாகக் கொண்டு வினையையும் மறுபிறப்பையும் மறுத்த அவன் மரபின் சொந்த நூல்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. மறுத்தவர்கள் எழுதிவைத்ததாலேயே அக்குரல் எஞ்சியது. தேவிபிரசாத் சட்டோபாத்தியாயா 1959இல் உலோகாயதம் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, பகைவரின் ஏடுகளிலிருந்தே அதனை மீட்க வேண்டியிருந்தது. பொருள்முதல்வாதிகள் இவ்வகையிற் சித்தாந்திகளுக்குக் கடன்பட்டவர்கள். அதைச் சொல்லக் கூச்சம் வேண்டியதில்லை.

ஆயினும் குறையை மறைப்பதற்கில்லை. எதிர்வாதிக்கு ஆசனம் உண்டு; தீர்ப்போ முன்னரே எழுதப்பட்டது. பிரபுத்துவ சமுதாயத்தின் படிநிலைகளை அங்கே இயற்கை ஒழுங்கென்றனர். இங்கே வினைப்பயன் என்றனர்.

கூலியை எடுத்துக்கொள்வோம். கூலி உழைப்பின் விலை, விலையில் நீதி வேண்டும் என்பது அக்குவைனாஸின் கொள்கை. கடும் இடுக்கணில் உள்ளவன் பிறன் பொருளை எடுத்து உயிர்காப்பது களவாகாதென்றும் அவர் எழுதினார். இவ்வழி நின்றே சிங்கராயர் 1891இல், தொழிலாளி சிக்கனமாக வாழவும் போதாத கூலி நீதியன்று என்றார். அதே மடலிற் சோஷலிசத்தைக் கண்டித்துத் தனியுடைமையையும் காத்தார். ஈராண்டில் அம்பிட்டியக் குருமடம் எழுந்தது. ஆனால் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்ததோ 1927இல். நூலிலே நியாயக் கூலி. லயத்து வாசலிலே கங்காணியின் கணக்கு.

வத்தேகமவுக்கு மேலே, மடுல்கலைத் தோட்டமொன்றிற் சின்னத்துரையாகப் பயின்ற பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அக்குவைனாஸ் நாத்திகனுக்குக் கொடுத்த இடங்கூட அவருக்குக் கிட்டவில்லை. உயர் நீதிமன்றமே அக்கட்டளையைத் தள்ளிற்று.

இன்று உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ பயிலும் மாணவர் நியாயத்தொடைகளை மனனஞ் செய்கின்றனர். அவற்றின் வடிவங்களுக்குப் பெயரிட்டவர்கள் இந்த மத்தியகாலப் புலவர்களே. சோக்கிரத்தீஸ் மனிதன், ஆதலின் இறப்பான் என்ற உதாரணம் ஆசிரியருக்கே சலித்துவிட்டது. வாழப் போதாத கூலி நீதியன்று என்பதைப் பேரெடுகூற்றாகவும், தோட்டத்து நாட்சம்பளத்தைச் சிற்றெடுகூற்றாகவும் கரும்பலகையில் எழுதலாமே! எழுதுமுன், கம்பனிகளின் மறுப்பையும் ஒரு மாணவர் எழுந்து முழுமையாகச் சொல்லட்டும். அம்மறுப்பு அற்பமானதன்று; உலகச் சந்தையின் விலையும், பறிக்கப்படும் கொழுந்தின் நிறையும், உற்பத்திச் செலவும் அதில் உண்டு.