சங்கிலிக்குள் நிற்கும் கோபம்

பல்லாவரம் என்றதும் வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவுக்கு வரும். பம்மல் என்றால் தோல் பதனிடும் ஆலைகளும் சங்கரா கண் மருத்துவமனையும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இந்த இரண்டு ஊருக்கும் நாடகத்தில் பழைய பாத்தியதை ஒன்று உண்டு. மேடையில் பித்தையும் பழியையும் எப்படி ரசிப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

பல்லாவரம் குன்றில் ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அவனுடைய பட்டப்பெயர்களை அங்கே வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அது தர்காவாகிவிட்டது. அந்த மன்னன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியால் அச்சேறியது. காஞ்சித் தெருக்களில் நடக்கும் சிரிப்பு நாடகம் அது. குடிபோதையில் இருக்கும் காபாலிகன் ஒருவனின் மண்டையோட்டுத் திருவோடு காணாமல் போகிறது. திருடியது பௌத்த பிட்சுதான் என்று அவன் சண்டைக்கு நிற்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவில் வருகிறான். வாதம் வளர்கிறது, சாத்திரம் பறக்கிறது. கடைசியில் பார்த்தால், ஓட்டில் இருந்த இறைச்சிக்காக அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மேடைக்கு வருகிறவன் ஒரு பைத்தியக்காரன்.

படித்தவர்கள் எல்லாம் வழக்காடிக்கொண்டிருக்க, தேடிய பொருள் பைத்தியத்தின் கையில் இருக்கிறது! மேடை பித்தனுக்குக் கொடுத்திருக்கும் சலுகையே இதுதான். மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை அவன் சொல்லலாம், மற்றவர்களுக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கலாம். சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் இதே சலுகையைச் சிரிப்பிலிருந்து பிரித்து ரத்தத்தோடு சேர்த்தார். ஹாம்லெட் பைத்திய வேஷம் போடுவது அரண்மனையில் உண்மை பேசுவதற்கு வேறு வழி இல்லாததால்தான்.

அந்த ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழ் மேடைக்கு அழைத்து வந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். குடும்பத்தின் பூர்வீகம் பம்மல். அவருடைய பெயரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு 2002இல் வந்த கமல்ஹாசனின் நகைச்சுவைப் படம்தான் நினைவுக்கு வருகிறது. 1873இல் பிறந்து 1964இல் மறைந்த இந்த மனிதர் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். வக்கீல், பிறகு ஸ்மால் காஸஸ் கோர்ட் நீதிபதி. 1891இல், பதினெட்டு வயதில், நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுதல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்ட கிருஷ்ணமாச்சார்லுவின் குழு. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேஷம் கட்டினால் கௌரவக் குறைச்சல் என்றிருந்த காலம். சபாவுக்குள் சர் சி.பி. ராமசாமி ஐயரும் சத்தியமூர்த்தியும் வந்து சேர்ந்தார்கள், அந்தக் கௌரவக் குறைச்சலும் காணாமல் போனது.

இந்த வக்கீல் உத்தியோகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழிவாங்கும் உரிமையைத் தனிமனிதன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்ட இடம்தானே கோர்ட்டு? அங்கே போய் நின்ற மனிதர்தான் பழிவாங்கும் கதையும் எழுதினார். அதனால்தான் அவருடைய கோபக்காரர்கள் வாளை உருவும் முன் வழக்காடுகிறார்கள். 1895இல் எழுதிய ‘மனோகரா’வை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் கட்டுமானம் பளிச்சென்று தெரியும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருஷோத்தம மகாராஜா வசந்தசேனையிடம் மயங்கிக் கிடக்கிறார். பட்டத்து ராணி பத்மாவதி ஒதுக்கப்படுகிறாள். மகன் மனோகரனுக்கு வசந்தசேனையை வெட்டிப்போட எல்லா நியாயமும் இருக்கிறது. கைவலுவும் இருக்கிறது. ஆனால் தன் உத்தரவில்லாமல் வாள் தொடக்கூடாது என்று தாய் வாக்கு வாங்கிவிடுகிறாள். முழு நாடகமும் இந்த ஒரு முடிச்சில் நிற்கிறது. ஹாம்லெட்டைத் தடுப்பது அவனுடைய சொந்த மனசு. செய்யலாமா கூடாதா, தந்தையின் பேய் சொன்னது மெய்யா பொய்யா என்று தனக்குள்ளேயே வழக்கு நடத்துகிறான். மனோகரனுக்குச் சந்தேகமே கிடையாது. அவன் கையைக் கட்டியிருப்பது தாயின் சொல். டென்மார்க் இளவரசனின் தயக்கத்தை நம் வீட்டு நியாயமாக மாற்றியதுதான் பம்மலாரின் சாமர்த்தியம் என்பேன். ஹாம்லெட்டை அவர் தமிழில் எழுதும் முன்பே அதன் உயிர்நிலை ‘மனோகரா’வுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

தர்பார் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கலைஞர் வசனத்தில் சிவாஜி நடித்த படம் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இளவரசனைச் சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவன் தந்தையிடம் தன் குற்றம் என்னவென்று கேட்கிறான். காட்சி அப்படியே விசாரணையாகிவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மெல்ல மெல்ல வக்கீலாகிறான், சிம்மாசனத்தில் இருப்பவர் மெல்ல மெல்லக் குற்றவாளியாகிறார். சிவாஜியின் குரல் உயரும் இடங்களுக்குத்தான் தியேட்டரில் கைதட்டல். எனக்குப் பிடித்தவை குரல் தாழும் இடங்கள். தாயைப் பற்றிய பேச்சு வரும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, சங்கிலி ஒரு முறை குலுங்குகிறது, அடுத்த வாக்கியம் கீழே இறங்கி வருகிறது. வாக்குக் கொடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது! இரும்புச் சங்கிலி வெறும் மேடைச் சாமான். நிஜச் சங்கிலி எது என்று அந்த ஒரு தாழ்வில் காட்டிவிடுகிறார். பின்னால் கண்ணாம்பாவின் பத்மாவதி மகனைக் கட்டவிழ்த்துவிடும் வசனத்துக்கு அரங்கமே எழுந்தது என்றால், அதற்கான கணக்கு இங்கிருந்தே ஏறத் தொடங்கிவிடுகிறது.

இவ்வளவு இறுக்கத்தையும் பார்வையாளன் தாங்க வேண்டாமா? அதற்குத்தான் வசந்தன். வசந்தசேனையின் அரைப்பைத்தியப் பிள்ளை, படத்தில் காக்கா ராதாகிருஷ்ணன். இவனை வெறும் சிரிப்புக்கான இடைச்செருகல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். ராஜ்யத்தைப் பிடிக்க அத்தனை சூழ்ச்சியும் யாருக்காக நடக்கிறதோ, அவனுக்கே அந்த ராஜ்யத்தின் அருமை தெரியாது. வசந்தசேனையின் பேராசை எவ்வளவு வெட்டியானது என்பதை எந்த நல்லவன் சொல்வதைவிடவும் இவன் மேடையில் உலாவுவதே நன்றாகச் சொல்லிவிடுகிறது. பல்லாவரத்து மன்னனின் பைத்தியக்காரனுக்குப் பம்மலிலிருந்து கிடைத்த வாரிசு என்று இவனைக் கொண்டாடலாம்.

சபா மேடைக்குப் போகாதவர்களுக்கும் இந்தச் சுவை தெரியும். தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. அங்கே பழி என்பது அவிழ்ந்த கூந்தல். துகிலுரிந்தவர்களின் ரத்தம் பூசாமல் முடிய மாட்டேன் என்று திரௌபதி எடுத்த சபதம் பல ராத்திரிகள் அவிழ்ந்தபடியே நிற்கிறது. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதும் உண்டு. அதன் பிறகும் ஆவேசம் வந்து அவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஹாம்லெட்டின் பைத்தியம் வேஷமா நிஜமா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். கூத்துக் களத்தில் அந்தக் கோடு ஆட்டக்காரருக்கே தெரியாமல் அழிந்துபோகிறது. ‘பதினெட்டாம் போர்’ கூத்து முடிந்த காலையில், தரையில் மண்ணால் செய்து கிடத்திய ராட்சத துரியோதனனின் தொடையிலிருந்து செந்நீர் எடுத்துத் திரௌபதியின் கூந்தல் முடியப்படும். பழி தீர்ந்ததும் ஊர் ஆர்ப்பரிக்காது, கையெடுத்துக் கும்பிடும். அவன் தாய் காந்தாரியோ மனைவியோ மாரடித்து அழும் ஒப்பாரியும் அதே களத்தில்தான் எழும்.

பிரகசனம், ‘மனோகரா’, கூத்து மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. பழிக்கதையில் சுவை வெட்டும் இடத்தில் கிடையாது, வெட்டாமல் நிற்கும் நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது நடிகரின் வேலை. தாங்க முடியாதபோது திறந்துகொள்ளும் கதவு பித்து. இன்றைய சினிமாவில் பழிவாங்கும் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாயகன் பத்து நிமிஷம்கூடப் பொறுப்பதில்லை, அவனைக் கட்டிப்போட ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் கடைசிச் சண்டை எவ்வளவு ரத்தமாக இருந்தாலும் சப்பென்று முடிகிறது.

ஆகவே தென்சென்னைப் புறநகரின் கல்லூரி நாடகக் குழுக்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘மனோகரா’வை எடுங்கள். பம்மலாரின் மூலத்தையே எடுங்கள், படத்து வசனத்தின் நிழல் வேண்டாம். சிவாஜியைப் போல் முழங்கக்கூடிய பையன்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு சங்கிலியோடு நிற்கத் தெரிந்தவனைத் தேடிப் பிடியுங்கள். வசந்தனுக்கு உங்களிடம் இருக்கிற ஆகச் சிறந்த நடிகனைப் போடுங்கள்.